கூறு

பாசையூர்ச் சந்தையில் மீன் கூறுகிறவர் பொனிப்பாஸ்.
பக்கத்தில் முக்காலி போட்டு
விலை எழுதுகிறவள் நான்.
அவர் வாய், என் பேனை,
பதினொரு வருடம் இப்படித்தான்.

மூவாயிரத்து நூறு மூவாயிரத்து இருநூறு ஆர் கேட்டது முன்னூறு
என்று அவர் ஒரு மூச்சில் ஏறிப்போனால்
கடற்காற்றுகூட இடையில் நுழையாது.

அன்று சீலாவும் விளையும் போய்விட்டன.
ஓரா ஒரு பெட்டி, கரவெட்டிக்காரர் எடுத்தார்.
அடுத்தது பாரை. ஈரச் சீமெந்தில் நாலு,
கண் மங்காதவை.

"நாலாயிரத்து நூறு,
நாலாயிரத்து இரு...
நாலாயிரத்துக் கதவு."

ஆரோ சிரித்தார்கள்.

"கதவு," என்றார் திரும்பவும்.
பிறகு "கரண்டி."
பிறகு சொல்லே இல்லாத ஒரு சத்தம்,
வாய்க்குள் பஞ்சு அடைத்ததுபோல.
அதை வேறு யாரோ சொன்னதாக நினைத்துத்
தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"விடியவே போட்டிட்டார் போல."
கலியாண வீட்டிலேயே சோடா குடிக்கிற ஆள் அவர்.
"பித்தமாக்கும், கொஞ்சம் இருத்தி விடுங்கோ."
ஒருத்தி தேத்தண்ணி கொண்டு வந்தாள்.
நான் தட்டிவிட்டேன். அவளுக்கு இன்றும் கோபம்.

என்னைக் கூப்பிடப் பார்த்தார்.
மெற்றில்டா என்கிற பெயர்
மெத்... மெத்தை... என்று
அவர் உதட்டில் சரிந்து விழுந்ததைக் கண்டேன்.
பாரை வரியில், விலை எழுதும் இடத்தில்,
நேரத்தை எழுதினேன். 6.17.
ஏனென்று தெரியாது. இலக்கம் எழுதிப் பழகிய கை.

ஓட்டோவில் ஏற்றினோம்.
அந்தோனியார் கோவிலைத் தாண்டும்போது
சிலுவை போட எழுந்த வலக்கை
நெஞ்சுக்கு வராமல் மடியில் விழுந்தது.
தொலைந்ததைத் தேடித் தருகிறவரே,
நாக்கு அழியாதவரே,
இறங்கி மெழுகுதிரி கொளுத்த நேரமில்லை,
கோவிக்காதையும்.

பிரதான வீதியில்
"மெற்றில்டா," என்றார், முழுசாக.
"எங்க போறம்? பாரை அங்க கிடக்குது."

6.31. உள்ளங்கையில் எழுதினேன்.
பதினாலு நிமிடம் எங்கேயோ போய்நின்ற பேச்சு
ஒன்றும் நடக்காததுபோல வந்து குந்திவிட்டது.
ஓட்டோக்காரப் பெடியன் வேகத்தைக் குறைத்தான்.
"ஐயா சரியாயிட்டார். திருப்பட்டோ அக்கா?"
"திருப்பாத."

அவர் ஏசத் தொடங்கினார்.
என்னை, ஓட்டோவை, நட்டக் கணக்கை,
ஓர் எழுத்தும் பிசகாமல் ஏசினார்.
ஆஸ்பத்திரிப் படலை வரைக்கும்
அந்த ஏச்சில் ஒரு சொல் குறைகிறதா என்று
கேட்டுக்கொண்டே போனேன்.

டொக்டர் பிள்ளை சிரிக்கச் சொன்னா,
இரண்டு கையையும் நீட்டிப் பிடிக்கச் சொன்னா.
சந்தையில் எவருக்கும் சிரிக்காத மனிசன்
பல்லைக் காட்டினார்.
கோணவில்லை.

"எத்தனை மணிக்குத் தொடங்கினது?"

கொப்பியை நீட்டினேன்.
செதில் ஒட்டிய பக்கம்.
அவ வாசித்தா:
"பாரை, நாலு, ஆறு பதினேழு."
வாசித்துவிட்டு என்னை ஒருதரம் பார்த்தா.

"இப்ப வடிவாத்தானே கதைக்கிறன்,
என்னத்துக்கு மறிக்கிறியள்?"

"வடிவா வந்ததாலதான் ஐயா மறிக்கிறம்.
மூளைக்குப் போற ரத்தம்
கொஞ்ச நேரம் அடைபட்டுத் திறந்திருக்கும் போல.
அடுத்தமுறை திறக்குமோ ஆர் கண்டது."

கதவு.
நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்கானுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
வாங்கில் இருந்தேன், விரலில் மீன் வெடில்.
சம்மாட்டி போன் எடுத்தார்:
வெயில் ஏறிவிட்டது, ஐஸும் இல்லை,
அந்தப் பாரை என்ன விலைக்குப் போனது?

கொப்பியைப் பார்த்தேன்.
"அது இன்னும்
கூறி முடியேல்ல," என்றேன்.